நாற்பத்தொன்றாம் இடம்

ஞாயிறு இரவு கடைசிப் படகு போர்வெனீருக்குப் போனபின்
டிக்கெட் கூண்டின் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன்.
புந்தா அரேனாஸில் காற்று எந்தப் பூட்டையும் மதிப்பதில்லை.
வீட்டுக்கு வந்து
ஈரச் சாக்ஸை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு
கட்டம்போட்ட நோட்டைத் திறப்பேன்.

நாற்பது பாட்டு, நாற்பது வரி.
இந்த வாரம், போன வாரம், வந்து எத்தனை வாரம்.
ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு.
நகராமல் உட்கார்ந்திருப்பதற்கு மை கிடையாது.

பதிமூன்று வயதில் அம்மை போட்டிருந்தபோது ஆரம்பித்தது.
ரேடியோவில் ஒரு பட்டியல் வரும்,
சாந்தியாகோவில் வெயில் காய்கிறவர்கள் போட்ட பட்டியல்.
ஜூனில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும் ஊரில்
எது முதலிடம் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?
சொறியக்கூடாது என்று சொல்லியிருந்த கைக்கு
ஒரு வேலை கிடைத்தது.

இன்றைக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றாவது வாரம்.

ஓட்டுப் போடுபவள் ஒருத்தி.
எண்ணுபவளும் அவளே, அறிவிப்பவளும் அவளே.
ஆனாலும் முதலிடத்தை எழுதும்வரை
வயிற்றில் புளி கரைகிறது.
எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே
ஞாயிற்றுக்கிழமைதான் தெரியவருகிறது.
விருந்தாளிகளிடம் பழைய அக்கார்டியன் பாட்டுகளைச் சொல்லிக்கொள்வேன்;
நோட்டிலோ
ஷாம்பு விளம்பரம் மாதிரி ஒரு பாட்டு
ஒன்பது வாரம் உச்சியில் உட்கார்ந்து தலை உலர்த்தியது.
என்ன செய்ய? எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

ஒரே ஒரு முறை ஏமாற்றியிருக்கிறேன்.
பதினைந்து வயதில், ஒரு பையனுக்காக,
இருபத்தாறிலிருந்த அவன் பாட்டை இரண்டுக்குத் தூக்கினேன்.
மூன்றாம் நோட்டில் அந்தப் பக்கம்
அழித்து அழித்து ஓட்டையாகிவிட்டது.
அதன் வழியே அடுத்த வாரம் தெரியும்.

த்ராகோ இந்த நோட்டை
கால்பந்துப் புள்ளிப் பட்டியல்போலப் படிப்பான்.
“கோல் வித்தியாசம் எங்கே?” என்பான்.
அவனுக்கு ஒரு பாட்டு இருந்தது, முழுக்க விசில்.
சவரம் செய்யும்போது அடிப்பான், அரைச் சுருதி கீழே,
நுரை கண்ணாடியில் தெறிக்க.
மூன்று வருடம் அதை உள்ளே விடவில்லை நான்.
ஞாயிறுதோறும் கேட்பான்: “என் பாட்டு?”
“நாற்பத்தொன்று” என்பேன்.
“பரவாயில்லை, வாசலில்தான் நிற்கிறது” என்பான்.

மார்ச்சில் அந்தோஃபகாஸ்தாவுக்குப் போனான், தாமிரச் சுரங்க வேலைக்கு.
முதலில் தினம் பேசினான்.
பிறகு மழையே பார்க்காத மண்ணின் படங்கள் அனுப்பினான்.
பிறகு கட்டைவிரல் மட்டும் அனுப்பினான்.
சண்டை என்று ஒன்றும் இல்லை.
சிவப்பு மையில் வாரம் நாலு இடம், ஆறு இடம்,
அப்படித்தான்.

என் விதி எளிது:
கேட்காமலே வாயில் வந்தால் ஒரு ஓட்டு.
செவ்வாயன்று சில்லறை எண்ணும்போது வந்தது.
கம்பளி லாரிக்காரரின் நாய் காதை நிமிர்த்தியபோதுதான்
விசிலடிப்பது நான் என்று தெரிந்தது.
புதனன்று மூன்று முறை.
வெள்ளியன்று, படகு நிறுத்தப்பட்ட காற்றில்,
எத்தனை என்று எண்ண முடியவில்லை; நான்கு என்று வைத்துக்கொண்டேன்.
சனியன்று பல் துலக்கும்போது,
அதே அரைச் சுருதி கீழே.

கூட்டிப் பார்த்தால் ஏழாம் இடம்.
முப்பத்தொன்பதில் எழுதலாமா என்று பேனா கொஞ்சம் அலைந்தது.
ஓட்டை விழுந்த பக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

ஏழு என்றே எழுதினேன்.
அடியில் அறுபத்தொரு வாரம் ஒட்டிக்கொண்டிருந்த பாட்டொன்று
சத்தமில்லாமல் நோட்டைவிட்டு இறங்கிப் போனது.

அடுத்த கட்டம், போன வாரம்.
புதுவரவுக்கு அங்கே ஒரு சிறு கோடு போடுவதுதான் வழக்கம்,
இருபத்திரண்டு வருட வழக்கம்.
நான் நாற்பத்தொன்று என்று எழுதினேன்.

முப்பத்துநான்கு இடம் ஏற்றம்.
பச்சைப் பேனாவை உதறி உதறிப் பார்க்கிறேன்.