இரைச்சல் என்று குறித்த இடம்

தீப்பெட்டி அளவில் ஐந்து உணரிகள்.
கணுக்காலுக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு,
பின்னிடுப்பில் பட்டை கட்டி ஒன்று.
நொடிக்கு நூறு முறை விழித்துப் பார்க்கும்.
"குளிக்கும்போது மட்டும் கழற்றுங்கள். ஏழு நாள்" என்றேன்.

திருமதி பூங்காவனம் படையாச்சி,
சாட்ஸ்வர்த், பேவியூ குடியிருப்பு,
இடது இடுப்பில் புது மூட்டு.
தையல் ஆலையில் முப்பத்தொரு வருடம்
மிதிகட்டையை அழுத்திய கால்
என் ஆய்வகத்தின் பத்து மீட்டர் நீலப் பாயில்
பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி நடந்தது.
வலது நூறு என்றால் இடது எழுபது.
பார்க்கிறார்கள் என்று காலுக்கும் தெரியும்.

எட்டாம் நாள் தரவை இறக்கினேன்.
டர்பனில் மழை. ஜன்னலுக்கு வெளியே
மினிபஸ் டாக்ஸிகள் ஹாரனிலேயே பேசிக்கொண்டன.
திரையில் அவருடைய வாரம்:
ஆறடி, திரும்பல், ஆறடி, அது சமையலறையாக இருக்கும்.
படிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தயக்கம்.

மூன்றாம் இரவு, ஒன்று நாற்பது.
அந்த வட்டாரத்தில் அப்போது மின்வெட்டு,
அட்டவணையைப் பார்த்து உறுதிசெய்தேன்.
கும்மிருட்டில் ஒன்பதடி, திரும்பல், ஒன்பதடி.
குதிகால் பதியும் முனைகள் உயர்ந்திருந்தன,
எங்கிருந்தோ பாரம் ஏறியதுபோல்.
வலது நூறு. இடது தொண்ணூற்றாறு.

நின்ற பிறகும் இடுப்புக் கோடு நிற்கவில்லை,
துறையில் கட்டிய படகுபோல்
இடம் வலம், இடம் வலம்.
அதன்மேல் பொடிப்பொடியாய்த் தட்டல்கள்,
எந்த அடியோடும் சேராதவை.
பட்டை தளர்ந்திருக்கும் என்று முடிவுகட்டி
இரைச்சல் எனக் குறித்தேன்.
வடிகட்டி போட்டால் ஒரு சொடுக்கில் போய்விடும்.

போடுவதற்குள் போன் செய்தேன், ஏனென்று தெரியாது.
அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்,
அந்த முதல் "ஐயோ" மட்டும் அசல் தமிழ்.
டாக்டரிடம் சொல்லிவிடாதே.
மேல்மாடி நொம்ஃபுண்டோவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
கரண்ட் போனால் அவள் பிள்ளை கட்டடத்தையே தூக்கும்.
அவள் கட்டுவதுபோலவே துவாலையில்
முதுகோடு கட்டிக்கொண்டேன், ஒரு மணி நேரந்தான்.
எட்டு மாசம்தான் ஆகிறது, ஆனால்
என்ன உதை உதைக்கிறான் தெரியுமா!

திரையைப் பெரிதாக்கினேன்.
ஒன்று ஐம்பத்திரண்டில் ஒரு தட்டல், ஒட்டியே இன்னொன்று,
நாலு நொடி சும்மா, பிறகு மறுபடி.
இன்னும் தரை தொடாத
ஒரு சின்னக் குதிகால்.

படிவத்தில் வேகம் உண்டு, அடிநீளம் உண்டு,
'பாரம் தூக்கினாரா' உண்டு.
ஆம் என்று போட்டேன்.
எத்தனை கிலோ என்ற இடத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்து
விட்டுவிட்டேன்.

டாக்டருக்கு வடிகட்டிய பிரதி போயிற்று.
மூலத்தைத் தனியே சேமிக்கப் போனால்
கணினி பெயர் கேட்டது.
உணரி ஐந்து, மூன்றாம் இரவு,
நபர் இரண்டு.