காதில் விழாத பெயர்

இஸ்மிரில், மீன்கடைகளுக்குப் பின்னால்
எங்கள் ஜெப ஆலயம்.
பூரிம் இரவு.
சுருளைக் கடிதம்போல் மடித்து மடித்து
வாசிக்கிறவன் நான்.
கடிதம்தானே அது,
பாரசீகத்திலிருந்து ஊர் ஊராகக்
குதிரையில் போன கடிதம்.

ஒரு ராஜா: குடித்தால் ஒரு சட்டம்,
தெளிந்தால் ஒரு சட்டம்.
ஒரு ராணி: தான் எந்தச் சனமென்று
மூச்சு விடாதவள்.
ஒரு மந்திரி: எதிரில் ஒருவன் குனியவில்லை என்பதற்காக
அவன் சனம் முழுவதையும் அழிக்கச்
சீட்டுப் போட்டு நாள் குறித்தவன்.
பூரிம் என்றால் சீட்டுகள்.
தப்பித்த பிறகு
அவன் போட்ட சீட்டின் பெயரையே
பண்டிகைக்கு வைத்துக்கொண்டோம்,
அத்தனை கொழுப்பு எங்களுக்கு.

மந்திரியின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.
சுருளில் அது வரும், ஐம்பத்து நான்கு முறை.
வந்ததும் கிலுகிலுப்பை, தகர டப்பா, சாவிக்கொத்து,
செருப்பின் அடியில் சுண்ணக்கட்டியால் அதை எழுதித்
தரையில் தேய்க்கும் கால்கள்.
பெயர் என் வாயிலிருந்து புறப்படும்,
என் காதுக்கே வந்து சேராது.

முப்பது வருஷம் இப்படி.
அந்த வருஷம் தோன்றியது:
யாருக்குத் தெரியப்போகிறது?

ராணியின் விருந்துக்குத்
தன்னை மட்டும்தான் அழைத்தாளென்று
அவன் வீட்டில் மார்தட்டும் இடம்.
வாயைத் திறந்தேன்.
"விடால்" என்றேன்.

விடால் என் தங்கை புருஷன்.
பொத்தான் கடையில் என் பாதியை
ஒரே கையெழுத்தில் விழுங்கியவன்.
மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து
தகரம் தட்டிக்கொண்டிருந்தான்,
எல்லாரையும்விடப் பலமாக.
ஆலயமே அதிர்ந்தது.
என் வயிற்றில் சர்க்கரைப்பாகு இறங்கியது.

நிமிர்ந்தேன்.
பெண்கள் மாடத்தில், மரச்சல்லடைக்குப் பின்னால்
ஓரோ.
ஓரோ என்றால் பொன்.
செருப்புத் தைக்கும் ஓரோ,
ஆறு வயதுக் காய்ச்சலில் செவி போனவள்.
ஊரே கேட்காத பெயரை
என் உதட்டிலிருந்து பொறுக்கிக்கொள்கிறவள்.
சல்லடை இடுக்கில் ஒரு விரல் வந்தது.
வளைந்தது:
திரும்பு.

ஒரு சொல் தப்பினாலும் வாசிப்பு செல்லாது.
வரியின் தொடக்கத்துக்குப் போனேன்.
"வயசாகிவிட்டது" என்றான் எவனோ.
சரியான பெயரைச் சொன்னேன்.
மறுபடி இரைச்சல்.
விரல் உள்ளே போயிற்று.
அப்புறம் அந்த மந்திரியின் பத்துப் பிள்ளைகளையும்
வழக்கப்படி ஒரே மூச்சில் சொல்லி முடிக்கையில்
எனக்குக் கண் இருட்டியது.

சுருள் முழுக்கத் தேடினாலும்
கடவுளின் பெயர் கிடையாது.
எங்கே உட்கார்ந்து பார்க்கிறாரென்று
அதுவரை நான் யோசித்ததில்லை.

மறுநாள் வாசலில் ஓரோ.
கையில் பண்டிகைத் தட்டு:
பாதாம் மிட்டாய்,
அவித்த முட்டையை மாவுக் கம்பிகளுக்குள் அடைத்துச்
சுட்ட ரொட்டி இரண்டு.
மந்திரி சிறையில் இருக்கிறானாம்.
கை நீட்டினேன்.
தரவில்லை.
தட்டைத் தலைக்குமேல் தூக்கி
அடியைக் காட்டினாள்.
சுண்ணக்கட்டி எழுத்து.
விடால்.
பிறகுதான் என் கையில் வைத்தாள்,
செருப்பைப் போட்டுக்கொள் என்று
என் காலைப் பார்த்தாள்.

மூன்று தெரு.
முகமூடிப் பிள்ளைகள் என் அங்கியை இழுத்தன.
தலையில் காகிதக் கிரீடத்தோடு
கதவைத் திறந்தான் விடால்.
என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான்,
கிரீடத்தைக் கழற்ற மறந்துபோனான்.

சபிக்கப்பட்டவன் எவன், வாழ்த்தப்பட்டவன் எவன்
என்று பிரித்துச் சொல்ல முடியாதவரைக்கும்
இன்று குடிக்கலாம், விதி அப்படி.
ராக்கி ஊற்றினான்.
ஆளுக்கொரு சிறையை உடைத்தோம்.
பொத்தான் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

மூன்றாம் கோப்பையில் கேட்டான்:
"நேற்று ஒரு வரியை
ஏன் இரண்டு தடவை வாசித்தாய்?"

என் வாயில் முட்டை இருந்தது.
விரலெல்லாம் சுண்ணம்.