இரண்டாவது படிவம்

ஜார்ஜியாவில், சுராமி என்ற ஊரில்,
நெடுஞ்சாலை வளையும் இடத்தில் ஒரு ரொட்டி விற்பார்கள்.
திராட்சையும் லவங்கமும் சேர்த்துப் பிசைந்து
மேலே மஞ்சள்கரு தடவி
மண் அடுப்பின் உட்சுவரில் அறைந்து சுடுவது.
பெயர் நாசூக்கி.
நம் காதில் அது நாசூக்கு என்றுதான் விழும்.
விற்பவளிடம் அதெல்லாம் கிடையாது.
ஓடுகிற காருக்கு நேரே
ரொட்டியை வாள்போல் வீசி நிறுத்துவாள் மாக்வாலா.

இன்று கடை இல்லை.
பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
வாஜா, எட்டு வயது,
நாற்காலியில் உட்காருவதில்லை.
நாற்காலியையும் உட்காரவிடுவதில்லை.

காஷூரி மருத்துவமனை, மாடியில் கடைசி அறை.
பையனைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டுமே என்று
பெரியவளையும் கூட்டிவந்தாள்.
தெக்லா. பதினொன்று.
வந்ததிலிருந்து மீன்தொட்டி முன்னால் நிற்கிறாள்,
கோட்டுப் பொத்தான்களை
ஒரு துளை தள்ளிப் போட்டபடி.

பதினெட்டுக் கேள்விகள்.
டாக்டர் லாமாரா வாசிக்க வாசிக்க
மாக்வாலா சொல்கிறாள்:
ஆமாம். ஆமாம். அடிக்கடி.
ஐயோ, எப்போதும்.
ஒன்பதாவது கேள்வியில் வாஜா
எடை எந்திரத்தின்மேல் குதித்து
நாற்பது! பூஜ்யம்! அறுபது! என்று அறிவித்தான்.
பன்னிரண்டில் ஜன்னல் திரை கழன்று வந்தது.

"அந்தப் பெண்?"

"அவளா? அவளால் ஒரு தொல்லையும் கிடையாது.
வாயில்லாப் பூச்சி.
தூங்குமூஞ்சி என்போம் வீட்டில்."

டாக்டர் கூப்பிட்டாள்.
மூன்றாம் முறை திரும்பினாள் தெக்லா.
வராந்தா குழாயிலிருந்து
ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவா அம்மா.

போனவள்
வெகுநேரம் கழித்து வந்து
வெளியே ஒட்டியிருக்கும் படத்தில்
சிரிக்கிறவருக்கு இருபத்தொரு பல் என்றாள்.
தண்ணீர் இல்லை. கோப்பையும் இல்லை.
தன் கை வெறுமையாக இருப்பதை
அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.
சட்டென்று தலை குனிந்தது.
நன்றாகப் பழகிய குனிவு.

டாக்டர் இழுப்பறையைத் திறந்து
இன்னொரு படிவம் எடுத்தாள்.
அதே பதினெட்டு.
"இது இவளுக்கு. நிதானமாக எழுதிக் கொண்டுவாருங்கள்.
எதுவும் இன்னும் முடிவில்லை.
இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்."

மினிபஸ் நிற்கும் இடத்தில் நவம்பர் காற்று.
முழங்காலில் தாளை அழுத்திப் பிடித்துப் படித்தாள் மாக்வாலா.
நேரே பேசும்போதும்
காதில் விழாததுபோல் இருக்கிறாளா?
பொருட்களைத் தொலைக்கிறாளா?
ஒற்றைக் கையுறைகள் மட்டுமே கிடக்கும்
ஒரு பிஸ்கட் டப்பா வீட்டில் இருக்கிறது.
தொடங்கியதைப் பாதியில் விடுகிறாளா?

போன ஈஸ்டர்.
அடுப்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போய்த்
திரும்பினால் பதினான்கு ரொட்டியும் கரி.
அடுப்பருகிலேதான் உட்கார்ந்திருந்தாள்,
உதிர்ந்த திராட்சைகளைச்
சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கிக்கொண்டு.
அன்றைக்குக் கன்னத்தில் விழுந்த அறை
இப்போது
மாக்வாலாவின் உள்ளங்கையில் சுட்டது.

பென்சில் அங்கேயே நின்றது.
ஆமாம் என்று எழுத
அவ்வளவு சின்னக் கட்டமா?

மினிபஸ் வந்தது.
முதலில் ஏறிய வாஜா
ஓட்டுநரின் தொப்பியைக் கழற்றிவிட்டான்.
பின்னால் ஏறிய தெக்லாவின் கழுத்தில்
மப்ளர் இல்லை.
வழக்கமான வசை நாக்கு நுனிவரை வந்தது.
கழுதை என்று தொடங்கும் அது.
மாக்வாலா வாயை மூடிக்கொண்டாள்.

"நீ கிளம்பு" என்றாள் ஓட்டுநரிடம்.
வாஜாவை இறக்கியது தனிப் போர்.
எதிர்க்காற்றில் மூவரும் திரும்பி நடந்தார்கள்.

"மீன்தொட்டி மேலேதான் இருக்கும்."

"எது?" என்றாள் தெக்லா.