பொருட்காட்சி போன பிறகு

ராட்டினத்தின் நான்கு கால்கள்
நின்ற இடத்தில் நான்கு குழிகள்.
டெல்லி அப்பளக் கடை இருந்த மூலையில்
எண்ணெய் குடித்து மண் கறுத்திருந்தது.
மற்ற இடமெல்லாம்
லாரிச் சக்கரம் மிதித்த சேறு காய்ந்து
ஓடு மாதிரி கிடந்தது.
விளையாட்டு மைதானம் என்று
போர்டில் மட்டும்தான் இருந்தது.

தை பிறந்து ஐந்து நாள்.
"லேட்டுதான்" என்றார் ஜெயசீலன் சார்.
"புரட்டாசியிலயே தூவியிருக்கணும்.
அப்ப வாடகைக்கு விட்டுட்டாங்க.
அப்புறம் மழை.
மேட்டூர் மூட இன்னும் பத்து நாள் இருக்கு.
பாமணியில தண்ணி ஓடுறப்பவே
முளைக்க வச்சிடணும், லூர்துமேரி."

கோயம்புத்தூர்ப் பை ஒன்றைக் கொடுத்தார்.
கிலோ ஆயிரத்து நானூறாம்.
பிரித்தேன். கசகசா போல இருந்தது.
உள்ளங்கையில் கொட்டி
ஊதிப் பார்த்தேன்.
அருகு.
எனக்குத் தெரியாதா.

முப்பது வருஷம் இந்தக் கை
நட்ட வயலில் குனிந்து
இதைத்தான் பிடுங்கியது.
இதை, கோரையை, நெல்லுச்சக்களத்தியை.
வேரோடு வந்ததா என்று
வரப்பில் நின்று பார்ப்பார்கள்.
ஒரு கணு மிச்சமிருந்தால்
திட்டு விழும்.
இன்று அதே புல்லுக்கு
விலை, பை, ரசீது.
தூவ எனக்குக் கூலி.
சிரித்துவிட்டேன்.
என்னம்மா என்றார் சார்.
ஒன்றுமில்லை என்றேன்.

கடப்பாரையால் இளக்கினோம்,
நானும் தங்கப்பொண்ணும்.
வளையல் துண்டு, ஆணி, ஐஸ் குச்சி,
ஏதோ குழந்தையின் ஒற்றைக் கொலுசு.
கொலுசைத் தங்கப்பொண்ணு
முந்தானையில் முடிந்தாள்.
ஆபீசில் கொடுத்தாளா, கேட்கவில்லை.

விதையில் மணல் கலந்து
நெடுக ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை.
எறும்பு வந்தது. மைனா வந்தது.
பனிக்கு விறைத்துவிடுமோ என்று
சார் வைக்கோல் வாங்கிப் பரப்பினார்.
மெஷின் அறுத்த சம்பா வைக்கோல்,
பச்சை வாசம் போகாதது.

மேட்டூர் மூடிய அன்று காலை
ஓடி வந்தார்.
"முளைச்சிருச்சு! வந்து பாரு!"

குனிந்து பார்த்தேன்.
விரல் நீளத்துக்கு நிமிர்ந்து
திட்டுத் திட்டாக.
அவர் சொல்லட்டும் என்று
கொஞ்சநேரம் பேசாமலிருந்தேன்.
அவர் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இது நெல்லு."

மெஷின் சிந்திய மணி
வைக்கோலில் ஒளிந்து வந்திருக்கிறது.

"அப்ப எடுத்துரு" என்றார்,
ரொம்ப மெதுவாக.

கை வரவில்லை.
விரல் பழக்கத்தில்
நெல்லை விலக்கிவிட்டு
அடியில் இருந்த மயிரிழைப் புல்லைத்தான் தேடிப் போனது.
சீ, மாற்று, என்று அதட்டினேன்.
முதல் நாற்றைப் பிடித்து இழுக்கும்போது
வரப்பில் யாராவது நிற்கிறார்களா என்று
திரும்பிப் பார்த்தேன்.
கோல் போஸ்ட் நின்றது.

உச்சி வெயிலுக்குள் ஒரு முடி சேர்ந்தது.
நாலாவது குழியில் மட்டும்
தண்ணீர் வடியாமல் நின்றது.
அதில் போட்டேன்.
நட்டேன் என்று சொல்லமாட்டேன்.
வேர் கீழே இருக்கிற மாதிரி போட்டேன்.

இப்போது மாசி பாதி.
போர் தண்ணீர் லேசாக உப்பு.
புல் வந்துவிட்டது,
முழுக்க இல்லை,
முதுகில் தேமல் படர்வதுபோல.
அப்பளக் கடை மூலையில் ஒன்றுமில்லை.
நாலாவது குழிக்கு மண் கொட்டணும் என்று
சார் வாரத்துக்கொரு தடவை சொல்கிறார்.

பெண்பிள்ளைகள் பந்தோடு வந்து
கயிற்றுக்கு வெளியே நிற்கிறார்கள்.
"இன்னும் ஒரு வாரம்" என்கிறேன்.
"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க"
என்கிறாள் கோல்கீப்பர்,
ஒரு காலை ஏற்கெனவே
உள்ளே வைத்துக்கொண்டு.