மூணாவது தொட்டி

பாலாத்து மணல்ல எத்திராசை உக்கார வெச்சு
தலைமயிரை முடிச்சுப் போட்டாங்க.
பேரணாம்பட்டுலேர்ந்து பம்பைக்காரர் வந்திருந்தாரு.
எலுமிச்சம்பழம் நாலு, வேப்பங்குழை ஒரு கட்டு,
முன்பணம் மூவாயிரம்.

பத்தொன்பது நாளா அவன் வலது கை மூடியே கிடந்தது.
சோறு இடது கையால. தூக்கத்துலயும் திறக்கல.
ரேணுகா விளக்கெண்ணெய் விட்டு
புருஷன் விரலிடுக்கை நீவிப் பாத்தா.
வேலூர் பெரியாஸ்பத்திரியில படம் எடுத்தாங்க:
எலும்பு நல்லா இருக்கு, நரம்பு நல்லா இருக்கு.
அப்ப எது பிடிச்சிருக்குன்னு கேட்டா
அடுத்த வாரம் வரச் சொன்னாங்க.

“பேரைச் சொல்லு!”
பம்பை அதிர, நாணல்ல இருந்த கொக்கு பறந்தது.
“ஆணா, பொண்ணா? எந்த ஊர் எல்லை?
தூக்குல தொங்குனதா, கெணத்துல விழுந்ததா?”
சாட்டை ஒரு தடவை மணலை அடிச்சது,
அடுத்த தடவை அவன் முதுகை.

எத்திராசு வாயிலேர்ந்து வேற தொண்டை:
“மூ காளந்தி.”

“மூணு காளியா!”
நாலு பேர் கும்பிட்டாங்க. ஒருத்தர் கற்பூரம் தேடினாரு.
பம்பைக்காரர் முகத்துல கூலி ஏறுற கணக்கு.

எனக்கு மட்டும் முதுகுத்தண்டுல ஈரம்.
மூன்னா நான்.
மத்தியானச் சோத்துல என் ஊறுகாயைத் தொட்டுக்கிட்டு
அவன் கத்துக்கொடுத்த ஒரியா அவ்ளோதான்:
மூ, நான். பாணி, தண்ணி.

காளந்தி பெஹரா. கஞ்சம் பக்கத்து ஆளு.
தோல்ஷாப்புல சேறு அள்ள
மூணாவது தொட்டியில எறங்கினான்.
மேஸ்திரி மூக்குக்குக் கொடுத்தது ஒரு துண்டு.
அவன் கால் மடிஞ்சதும் எத்திராசு குதிச்சான்,
இடுப்புல கயிறு,
கயிறோட மறு நுனி என் கையில.

எத்திராசு அவன் மணிக்கட்டைப் பிடிச்சான்.
நான் இழுத்தேன்.
மொதல்ல ரெண்டு ஆள் கனம்.
பாதியில ஒரு ஆள் கனம்.
நிறுத்தியிருக்கலாம்.
இழுத்தேன்.

ராத்திரியே வேன் வந்து எடுத்துட்டுப் போச்சு.
ஆஜர் புக்குல அந்தப் பேரே இல்ல.
“காளந்தியா, யாருப்பா அது?”ன்னாரு மேஸ்திரி.
நாங்களும் யாருன்னு யோசிக்கிற மாதிரி நின்னோம்.
ஆளுக்கு ஐயாயிரம்.

மூணாவது சாட்டை எறங்கறதுக்குள்ள
குறுக்க கையை விட்டேன். உள்ளங்கை கிழிஞ்சது.
“இன்னாடா பண்ற? தெய்வக் குத்தம்டா!”
பம்பைக்காரர் நெஞ்சுல கை வெச்சுத் தள்ளினாரு.
தள்ளின வேகத்துல நான் விழ
எத்திராசு எகிறி என் மேல உக்காந்தான்.

அம்பது கிலோ தேறாதவன்.
அன்னைக்கு மூச்சு முட்டிப் போச்சு.
தெரிஞ்ச கனம்தான் அது.
கயிறு வழியா என் தோளுக்கு வந்து
பாதியில காணாமப் போன கனம்.
இடது கை என் கழுத்துல, பல்லு என் தோள்ல,
அழுகின முட்டை நாத்தம், தொட்டி நாத்தம்.
ஒதறித் தள்ளுன்னாங்க சுத்தி நின்னவங்க.
நான் ரெண்டு கையாலயும் இறுக்கிக்கிட்டேன்.
மணல் வாயில போச்சு, துப்பிட்டுக் கத்தினேன்:

“காளந்தி! அவன் விடல.
நான் இழுத்தேன். அதுல நழுவுச்சு.
அவன் கையில உன்னைத் தேடாத.
இந்தா, என்னைப் பிடி.”

எவ்ளோ நேரமோ தெரியல.
கற்பூரம் அணைஞ்சு கூட்டம் பாதி கலைஞ்ச பிறகு
சுண்டு விரல் மொதல்ல அசைஞ்சது.
உள்ள ஒண்ணுமில்ல, நகம் பதிஞ்சு சீழ் வச்ச
நாலு பிறை.

“பாணி”ன்னான்.
ஆத்துல ஏது தண்ணி. யாரோ பாட்டில் நீட்ட
ஒரே மூச்சுல குடிச்சான்.
எத்திராசு குடிச்சானா, அவன் குடிச்சானா,
இன்னிக்கும் எனக்குத் தெரியாது.

காலையில ஸ்டேஷன்.
பத்தாயிரத்தையும் மேசை மேல வெச்சோம்.
ரைட்டர் பணத்தைப் பாத்தாரு, எங்களைப் பாத்தாரு,
பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டே கேட்டாரு:
“செத்தவன் பேரைச் சொல்லு.”

சொன்னோம்.
ரெண்டு எழுத்து எழுதி நிறுத்தினாரு.
எத்திராசு வலது கையை நீட்டி
தாள் மேல விரலை வெச்சான்.
“காளி இல்ல சார்.
காளந்தி.”