இன்று ஏழு

பத்துக்கு எத்தனை என்று கேட்கிறாள் பிர்க்கோ.
கையில் பென்சில், மடியில் தாள்.
ஜன்னலுக்கு வெளியே கோத்தன்பர்க்கின் நவம்பர்,
மூன்றரை மணிக்கே விளக்கேற்றிக்கொள்ளும் நகரம்.
ஒன்பது, என்கிறேன்.
எழுதிக்கொள்கிறாள்,
பால் கணக்குப் போல.

பதினான்கு வருடம் டிராம் ஓட்டினேன்.
கடலில் போய் முடிகிற தடம் என்னுடையது.
இலை ஒட்டிய தண்டவாளம் மழையில் எங்கே வழுக்கும்,
எந்தத் திருப்பத்தில் கிறீச்சிடும் என்று
என் உள்ளங்காலுக்குத் தெரியும்.
அந்த வியாழக்கிழமை
பச்சைச் சட்டைக்காரர் ஒருவர்
தண்டவாளத்தில் இறங்கி நின்றார்.
மணி அடித்தேன்.
மணி அடித்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்,
வாசலில் யாருக்காகவோ காத்திருந்தவர் போல.

முப்பது டன் இரும்பு
ஒருத்தியின் கைக்குக் கட்டுப்படாது.
என் மேல் பிழையில்லை என்று
விசாரணைத் தாளில் இருக்கிறது, முத்திரையோடு.
முத்திரையை என் கை படிக்கவில்லை.
உறக்கத்தில் அது தானாக மடங்கி
இல்லாத பிரேக்கை இழுக்கிறது.
தலையணை உறை கிழிந்தது, இரண்டாவது தடவை.
உடம்பு ஒரு தனிக் கணக்குப்பிள்ளை, என்றாள் பிர்க்கோ,
தள்ளுபடி அதற்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன்.
படியில் கால் வைத்ததும் மணி.
மேலே வெண்கலம்,
எனக்குள் வியாழக்கிழமை.
உட்கார்ந்துவிட்டேன், ஈரக் கல்லில்.
உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது.
டீக்கன் அல்கோத் வெளியே வந்தார்,
சூப்புக்கு உருளைக்கிழங்கு உரித்த கையோடு.
வசனம் சொல்லப்போகிறார் என்று பயந்தேன்.
பக்கத்தில் அமர்ந்து
ஏலக்காய் ரொட்டியைப் பிட்டு
பெரிய பாதியைத் தந்தார்.
சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா,
அவ்வளவுதான் கேட்டார்.

அப்போதுதான் எலியா ஞாபகத்துக்கு வந்தார்.
போதும் என்று சொல்லி
சூரைச்செடியின் கீழே படுத்துவிட்டவர்.
தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை.
தட்டி எழுப்பினான்.
தழலில் சுட்ட அடை, பக்கத்தில் தண்ணீர்.
தின்றுவிட்டு மறுபடி தூங்கினார் தீர்க்கதரிசி.
மறுபடியும் அடை.
சிறுபிள்ளையில் இந்தக் கதை கேட்டபோது
எனக்கு அந்த அடையின் மேல்தான் கண்.

செவ்வாய்க்கிழமை பிர்க்கோவிடம் சொன்னேன்.
அவளுக்குக் கடவுள் கிடையாது.
நல்ல மருத்துவம், என்று சிரித்து
அதையும் எழுதிக்கொண்டாள்.

மூச்சு முட்டும்போது
கண்ணில் படும் ஐந்தைச் சொல் என்பது வீட்டுப்பாடம்.
கடைசிப் பெஞ்சில் அமர்ந்து சொன்னேன்:
கூரையிலிருந்து தொங்கும் மரக்கப்பல்.
பாட்டு எண் பலகையில் தலைகீழாய் மாட்டிய ஆறு.
முன்வரிசைக்காரியின் காலணியில் உருகும் பனி.
மெழுகுத்திரிப் புகை.
என் கை.
சொல்லி முடித்தபோது
அது ஜெபமா என்று தெரியவில்லை.
ஜெபம் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

அன்று முதல் எண்களில் பேசுகிறேன்.
ஆண்டவரே, இன்று எட்டு.
ஆண்டவரே, காலையில் ஆறு, மீன்கடை அருகே ஒன்பது.
பதில் வருவதில்லை.
யாரோ எழுதிக்கொள்வது மட்டும் கேட்கிறது.

அவர் பெயர் ஸ்டூரே.
அவர் தங்கையின் கடிதத்தில் இருந்தது.
அண்ணன் கடைசியாகப் பார்த்த முகம் உங்களுடையது,
அது கனிவான முகமாக இருந்திருக்க வேண்டும்
என்று எழுதியிருந்தாள்.
கண்ணாடி முன் நெடுநேரம் நின்றேன்.
நான் அவரை மன்னிக்க வேண்டுமா,
அவரிடம் கேட்க வேண்டுமா?
பிர்க்கோவுக்கும் தெரியவில்லை, அல்கோத்துக்கும் தெரியவில்லை.
அதில் ஒரு நிம்மதி.
மெழுகுத்திரி ஏற்றினேன், பெயர் சொல்லி.

நேற்று பயணியாக ஏறினேன்.
ஒரே ஒரு நிறுத்தம் என்பது ஒப்பந்தம்.
ஓட்டுநர் புதுப் பையன், திருப்பத்தில் கொஞ்சம் அவசரம்.
மணி அடித்தான், ஒரு புறாவுக்காக.
என் வலது கை மடங்கியது.
இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்,
தெருவைக் கடக்கிற பிள்ளையின் கையைப் போல.
இறங்க மறந்து
இரண்டாவது நிறுத்தம் வந்துவிட்டது.

ஆண்டவரே, இன்று ஏழு.
புறா பறந்துவிட்டது.