ஓரத்தையல்

கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்றார்கள்.
துணி வெளுப்பவள் ஏறலாம்,
வயதாகி, பார்க்கச் சகிக்காதவளாக இருந்தால்.
இரண்டும் எனக்கு வாய்த்திருந்தது.

ஆக்கர் மதிலுக்கு வெளியே இரண்டு குளிர்காலம்.
நகரத்தை நாங்கள் சூழ்ந்திருந்தோம்,
எங்களை அவர்களுடைய படை சூழ்ந்திருந்தது.
நான் ஆற்று மணலில்
தொட்டியும் சாம்பல் காரமுமாக.

செத்தவன் சட்டை முதலில் என்னிடம் வரும்,
பிறகு ஏலத்துக்குப் போகும்.
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்.
பேனுக்கு வெந்நீர்.
எது முதலில் என்பதுதான் தொழில்.

ஓதோ என்ற குதிரைவீரன் செத்த மறுநாள்
அவன் சட்டை ஓரத்தில் விரலுக்கு ஏதோ இடறியது.
தையலைப் பிரித்தேன்.
மெழுகுத்துணிக்குள் மடித்த ஒரு தாள்.
ஆட்டுத்தோல் இல்லை,
அதுவரை என் கை அறியாத ஒரு மென்மை.
அதில் அரிவாள் அரிவாளாக எழுத்து.

எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்:
பாலைவனத் துறவி ஒருவர்
கர்த்தரின் மொழியிலேயே எழுதிக் கொடுத்தது,
அம்பு அண்டாது.
அம்பு அண்டவில்லைதான்.
வயிற்றுப்போக்கில் போனான்.

தண்ணீர் சுமக்க எனக்கு விட்டிருந்த கைதி நுமைர்,
ஒரு காது இல்லாதவன்.
எங்கள் பேச்சில் பாதி கற்றிருந்தான்,
வசவுகளை முழுதாக.
அவனிடம் நீட்டினேன்.
படித்தான். திரும்பப் படித்தான்.
குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தான்.
அந்த முகாமில் அப்படி ஒரு சிரிப்பை
அதற்கு முன்னால் கேட்டதில்லை.

சீரகம் இரண்டு படி.
விளக்குக்கு எண்ணெய்.
கழுதைக்கு லாடம், பின்னங்கால்களுக்கு மட்டும்.
சீப்பு. மரத்தில் வேண்டாம்,
போன தடவை வாங்கியது பல் உடைந்துவிட்டது.
கீழே ஒரு கோடு இழுத்து:
மறந்துவிட்டு வராதே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியாமல்.

அன்றிரவு குதிரைக்குடல் கஞ்சி.
படுத்தபடி அந்தச் சீரகத்தையே நினைத்தேன்,
வறுபடும்போது எப்படி மணந்திருக்கும் என்று.
எழுதியது ஒருத்திதான்,
எந்தக் கால் என்று சொல்லியனுப்புகிறாளே.
சந்தைக்குப் போனவன் திரும்பினானா,
அவன் மடியிலிருந்து எத்தனை கை மாறி
ஓதோவிடம் வந்தது,
எத்தனை நாள் அவள் விரலாலேயே
தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

சீப்புக்கு உங்கள் பேச்சில் என்ன என்று கேட்டேன்.
முஷ்த், என்றான்.
நாலு தடவை சொல்லவைத்தான்,
பிறகு தாங்காமல், போதும் என்றான்.

தாளை மடித்தேன், அதே மெழுகுத்துணி,
ஊசியை அதே ஓட்டைகளில் விட்டுத் தைத்தேன்.
பிளாண்டர்ஸ் பையன் லாம்பின் ஏலத்தில் எடுத்தான்,
தொண்டை உடையாத குரல்.
ஓரத்தில் என்ன என்றான்.
ஜெபம் என்றேன்.
அது பொய்யா என்று யோசிப்பதுண்டு,
துவைக்கும்போது மட்டும்.

ஈஸ்டருக்கு முன் நுமைர் காய்ச்சலில் போனான்.
துவைக்க அவனிடம் சட்டை இல்லை.

ஜூலையில் நகரம் திறந்தது.
மீட்புப் பணத்துக்கான பேச்சு இழுத்துக்கொண்டே போனது.
ஆகஸ்டில், நல்ல வெயிலில் ஒரு நாள்,
கைதிகளைக் கயிற்றில் கோத்து
மேட்டுக்கு நடத்திப் போனார்கள்.
மேட்டில் வாளோடு காத்திருந்தவர்களில்
லாம்பினும் நின்றான். அந்தச் சட்டைதான்.

நான் கூடையோடு வழியோரம்.
அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே சொல்.
முஷ்த், என்றேன்.

தாடிக்காரன் ஒருவன் திரும்பினான்.
என் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான்,
கையில் ஒன்றுமில்லை.
கட்டிய இரு கைகளையும் சேர்த்து உயர்த்தி
விரல்களால் தாடியை ஒதுக்கிக்கொண்டான்,
வாசலில் விருந்தாளி வந்திருப்பதாக
யாரோ சொன்னதுபோல.
கயிறு இழுத்தது.

அடுத்த வாரம் துணி நிறைய வந்தது.
முதலில் பச்சைத் தண்ணீர்.
ஓரங்களை நான் தடவிப் பார்க்கவில்லை.